வானில் ஒரு மணி. வாயிலில் மூன்று மணி

கொழும்பு நமக்குத் தொலைவான ஊரன்று. தஞ்சை, இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைகளில் உள்ள நம் ஊர்களில், பாட்டனாரோ மாமாவோ ஒருவரேனும் கொழும்பில் கடை வைத்திராத குடும்பம் ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. "சென்னைக்குப் போவதைவிடக் கொழும்புக்குப் போவது இலேசு" என்று எங்களூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அது மிகையன்று. திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறினால், நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்து கட்டுநாயக்கவில் இறங்கிவிடலாம். கைக்கடிகாரத்தின் முள்ளைத் திருப்பும் வேலைகூட இல்லை. 1996 முதல் சில ஆண்டுகள் இலங்கையின் நேரம் நம்முடையதிலிருந்து வேறுபட்டிருந்தது. 2006 ஏப்ரலில் மீண்டும் இரு நாட்டு நேரமும் ஒன்றாயிற்று.

வாசக அன்பர்களே! இந்த அண்மைதான் நம்மை ஏமாற்றுகிறது. எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

கடல் சிறிது, கரை பெரிது

என் பாட்டனார் (எங்களூர் வழக்கில் 'அப்பா') கொழும்பு சென்ற வழி வேறு. இரயிலேறித் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மீண்டும் இரயிலில் கொழும்புக் கோட்டை. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் செழித்த வழி இது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றுபோயிற்று.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் இருபது மைலுக்குச் சற்று மேற்பட்டதே. ஆனால் அக்காலத்தில் தோட்ட வேலைக்குச் சென்ற எளிய மக்கள், நோயில்லை என்று உறுதியாகும்வரை மண்டபம் முகாமில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டார்கள். கடலைக் கடக்கச் சில மணி நேரம். கரையைக் கடக்கப் பல நாட்கள்! "கடல் சின்னதுதான், கரைதான் பெரிசு" என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். சிறு வயதில் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஒரு பிடி மண்

2017ஆம் ஆண்டு. கொழும்பு புறக்கோட்டையில் நெடுங்காலம் கடை நடத்திய என் தாய்மாமா நோயுற்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்துவர எண்ணி, இலங்கைக்கு வேண்டிய பயண அனுமதியை நான் முன்னரே பெற்று வைத்திருந்தேன். ஆனால் அல்லாஹ்வின் நாட்டம் முந்திக்கொண்டது. ஓர் இரவு இஷாவுக்குப் பின் மச்சான் தொலைபேசியில் அழைத்தார். "வாப்பா மவுத்தாயிட்டாங்க. நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்" என்றார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இரவோடிரவாக, மறுநாள் முற்பகல் 10.10 மணி விமானத்திற்குச் சீட்டு எடுத்தேன். மாமா என் உம்மாவுக்கு ஒரே காக்கா. உம்மா அழுகையை அடக்கிக்கொண்டு, "என் பேரால் காக்காட கபுரில் ஒரு பிடி மண் போட்டுவிடு தம்பி" என்றார்கள். பிறகு, "நாலு மணிக்கே புறப்பட்டுவிடு. சுபுஹைத் தஞ்சாவூரில் தொழுதுகொள்ளலாம்" என்றார்கள்.

"கொழும்பு எங்கே இருக்கிறது உம்மா! ஒரு மணி நேரம்தானே. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்" என்றேன் நான்.

பட்டுக்கோட்டைக்கு அருகேயுள்ள எங்கள் ஊரிலிருந்து காலை ஆறேகாலுக்குக் கார் புறப்பட்டது. ஒரத்தநாட்டைக் கடந்ததும் சக்கரம் பஞ்சராயிற்று. அதில் அரை மணி நேரம் கழிந்தது. விமான நிலையத்தின் வாயிலை அடைந்தபோது மணி 9.20. விமானம் புறப்பட இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. பேருந்துக்கும் இரயிலுக்கும் அது தாராளமான நேரம். ஆனால் விமான நிறுவனத்தின் முகப்பு 9.10க்கே மூடப்பட்டுவிட்டது. பட்டியல் முடிந்துவிட்டதென்று அங்கிருந்த இளைஞர் பணிவோடு சொன்னார். மவுத்துச் செய்தியைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. நான் வெளியே வந்து நின்றிருந்தபோது, சொன்ன நேரத்தில் சிறிதும் பிசகாமல் அந்த விமானம் தலைக்கு மேலே எழுந்து சென்றது.

மாலை விமானத்தில் சென்று, இஷாவும் கழிந்த பிறகே மாமா வீட்டை அடைந்தேன். மையித்தை எடுத்து நெடுநேரமாகியிருந்தது. மறுநாள் காலை மாளிகாவத்தை மையவாடியில், ஈரம் காயாத கபுரின் அருகே நின்று துஆச் செய்துவிட்டுத் திரும்பினேன்.

ஊருக்கு வந்ததும் உம்மா கடிந்துகொள்ளவில்லை. "மண் போட்டாயா?" என்று மட்டும் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். தலையை அசைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

ஒரு மணிக்கு முன் ஏன் மூடுகிறார்கள்?

விமானத்துறையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவரிடம் பின்னாளில் இதனைக் கேட்டேன். அவர் விளக்கியபோதுதான் என் கணக்கின் பிழை தெரிந்தது.

வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் மூன்று மணி நேரம் முன்னதாக முகப்புத் திறக்கப்படுகிறது. ஒரு மணி நேரம் முன்னதாக மூடப்படுகிறது. சில நிறுவனங்கள் எழுபத்தைந்து நிமிடம் முன்னதாகவே மூடிவிடுகின்றன. மூடியபின் அவர்கள் சும்மா இருப்பதில்லை. பயணிகளின் பட்டியலை முடித்து, சென்று சேரும் நாட்டுக்கு அவர்களுடைய விவரங்களை அனுப்புகிறார்கள். பெட்டிகளைச் சோதித்து ஏற்றுகிறார்கள். ஆட்களின் எடையையும் சுமையின் எடையையும் கூட்டி, விமானத்தின் சமநிலையையும் எரிபொருளையும் கணக்கிட்டு விமானியிடம் தருகிறார்கள். ஏறும் வாயிலோ புறப்பாட்டுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே அடைக்கப்படுகிறது. ஒரு மணி நேரப் பயணமாயினும் பத்து மணி நேரப் பயணமாயினும் இந்த வேலைகளுள் ஒன்றும் குறைவதில்லை.

"ஹஜ்ரத், விமான நிலையத்துக்கு எத்தனை மைல் பறக்கிறோம் என்பது தெரியாது, எத்தனை வாயில் என்பதுதான் தெரியும்" என்றார் அவர். அப்பா சொன்ன 'பெரிய கரை' அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

உம்மாவோடு ஒரு பயணம்

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மாமியைப் பார்த்துவர உம்மாவை அழைத்துக்கொண்டு கொழும்பு புறப்பட்டேன். திருச்சியின் புதிய முனையம் அவ்வாண்டு ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு, ஜூன் முதல் இயங்கத் தொடங்கியிருந்தது. ஆண்டுக்கு 44 இலட்சம் பேரையும், நெரிசல் மிக்க ஒரு மணி நேரத்தில் சுமார் 3,500 பேரையும் ஏற்கத்தக்க பெரிய கட்டடம். பழைய முனையத்தின் இடநெருக்கடியை அறிந்தவர்களுக்கு அது வேற்றூர் போலத் தோன்றும்.

இம்முறை மூன்று மணி நேரம் முன்னதாகவே வாயிலில் நின்றோம். ஒவ்வொரு வாயிலுக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொண்டேன். நுழைவாயிலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சீட்டையும் கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம். முகப்பில் பெட்டியை எடைபோட்டு, பயண அனுமதியைச் சரிபார்த்து, ஏறுசீட்டுத் தர முப்பத்தைந்து நிமிடம். குடிநுழைவுச் சோதனையில் முத்திரை பெற நாற்பது நிமிடம். உடலையும் கைப்பையையும் சோதிக்க இருபத்தைந்து நிமிடம். ஆக, ஒரு மணி ஐம்பது நிமிடம்.

குடிநுழைவில் ஏன் நாற்பது நிமிடம்? எங்கள் விமானத்தில் கூட்டம் அதிகமில்லை. ஆனால் அவ்வரிசை எங்களுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். இரண்டு பெரிய விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் புறப்படுமானால், நம் சிறிய விமானத்தின் பயணிகள் அவர்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஒரு மணி நேரப் பயணம் என்பதற்காக யாரும் நமக்கு வழிவிடுவதில்லை.

கணக்கைப் பின்னிருந்து போடுங்கள்

ஆகவே நம் குடும்பத்தார்க்கு நான் சொல்லும் கணக்கு இது. புறப்பாட்டு நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெட்டியும் முதியவர்களும் குழந்தைகளும் உடன் இருந்தால் மூன்று மணி நேரம். கைப்பை மட்டும் எடுத்துச்செல்லும் தனியாளாய், இணையத்தில் முன்பதிவுச் சீட்டை உறுதிசெய்து ஏறுசீட்டையும் பெற்றவராய் இருந்தால் இரண்டு மணி நேரம். அதற்குக் கீழே வேண்டாம். பள்ளி விடுமுறை, பெருநாளை ஒட்டிய நாட்கள், உம்ராக் குழுவினர் புறப்படும் வேளை ஆகியவற்றில் மேலும் அரை மணி. வீட்டிலிருந்து செல்லும் சாலை நேரத்தைத் தனியே கூட்டி, ஒரு பஞ்சருக்காக இன்னுமோர் அரை மணியைச் சேருங்கள்.

மிகவும் முந்துவதும் பயன் தராது. ஐந்து மணி நேரம் முன்னதாகச் சென்றால் முகப்பு திறந்திராது. பெட்டியைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நேரத்தைத் தின்னும் வேறு சிலவும் உண்டு. வேன் நிறைய உறவினர் வந்து வாசலில் முஸாஃபஹாவும் கண்ணீரும் துஆவுமாக நிற்பது நம் வழக்கம். அதனை வீட்டிலேயே முடித்துக்கொள்வது நல்லது. நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட தேங்காயெண்ணெய்ப் புட்டியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அதனைப் பெட்டியில் வையுங்கள். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்கோ இதற்கு நேர்மாறு: அது பெட்டியில் இருக்கக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றக்கூடியதென்பதால் அதனை எடுத்துச்செல்லவே எண்ண வேண்டாம். ஒரு பெட்டியைத் திறந்து மூடுவதில் கால் மணி நேரம் போய்விடும். நடக்க இயலாத பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். இலங்கைக்கான பயண அனுமதியின் விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன. புறப்படும் வாரத்தில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழுகைக்கும் இதே கணக்குத்தான். நேரம் நெருங்கி ஓடிவருகிறவனுக்கு ஒளுச் செய்யவும் அவகாசமில்லை. முன்னதாக வந்தவன் அமைதியாகத் தொழுதுவிட்டு ஏறலாம்.

திரும்பும்போதும் அண்மை நம்மை ஏமாற்றும். புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளி என்று அழைக்கப்பெறும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளியின் பக்கம் நின்று சாமான் வாங்குகையில், 'ஊருக்கு ஒரு மணி நேரம்தானே' என்ற எண்ணம் மீண்டும் தலைதூக்கும். கட்டுநாயக்க அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். 2013இல் திறந்த அதிவேகப் பாதை பயண நேரத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. ஆனால் அப்பாதையில் ஏறுவதற்கு முன் மாலை நேரத்து நகர நெரிசலைத் தாண்டியாக வேண்டும். நிலையத்துக்குள் நுழையும்போதே பெட்டிகளைச் சோதிக்கிறார்கள். ஆகவே அங்கும் அதே மூன்று மணிதான்.

மீதமிருந்த நேரம்

சோதனைகளெல்லாம் முடிந்து உம்மாவும் நானும் ஏறும் வாயிலின் எதிரே அமர்ந்தபோது, ஒரு மணி பத்து நிமிடம் எங்களுக்கு மிச்சமிருந்தது. ழுஹர் தொழுதோம். உம்மா தஸ்பீஹ் மணியை எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்கு அப்பால் எங்கள் விமானம் வந்து நின்றது. அதனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்றைக்கும் இப்படி வந்திருக்க வேண்டும் தம்பி" என்றார்கள். ஏழு ஆண்டுகளில் அதைப்பற்றி அவர்கள் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? மிச்சமாகும் ஒரு மணி நேரத்தை ஓதியும் தொழுதும் பயனுள்ளதாக்கிக்கொள்ளலாம். குறைந்துபோன பத்து நிமிடத்தை எதனாலும் ஈடுகட்ட முடியாது. நல்லடக்கம் யாருக்காகவும் காத்திராது, விமானமும் அப்படியே.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, உற்றார் உறவினர்க்கு நாம் செய்ய வேண்டிய கடமைகளை உரிய நேரத்தில் செய்திடத் துணைபுரிவானாக! ஆமீன்.