கையெழுத்துப் போடும் முன், நடுவர் யார் என்று பாருங்கள்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் போன வாரம் முகையூரில் வீட்டுக்கு வந்தான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். கடனில் எடுத்த லோடு வண்டிக்கு நாலு தவணை பாக்கி. சென்னையிலிருந்து ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் வந்திருக்கிறது. "கோர்ட் நோட்டீஸ் இல்லையே டீச்சர், போகாட்டி என்ன?" என்றான். அவனுக்குச் சொன்னது எல்லோருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஆர்பிட்ரேஷன் என்றால் நடுவர் தீர்ப்பு. ஊர்ப் பஞ்சாயத்து போல என்று நினைத்துவிடாதீர்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி நடுவரின் தீர்ப்பைக் கோர்ட் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். நோட்டீஸ் வந்தும் நாம் போகாவிட்டால், எதிர்த்தரப்பு கொடுத்த ஆதாரத்தை வைத்தே தீர்ப்பு எழுதிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அப்போதும் கோர்ட் வழக்கை முதலிலிருந்து விசாரிக்காது.

அப்படியானால் கோர்ட் நல்லதா, நடுவர் நல்லதா?

கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக வருஷங்கள் ஓடும், உண்மைதான். நடுவர் முன்னால் இரு தரப்பும் வாதங்களை எழுதிக் கொடுத்து முடித்த பிறகு 12 மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும் என்பது சட்டம். சம பலமுள்ள இரண்டு வியாபாரிகளுக்கு அது நல்ல வழி. ஆனால் நீதிபதிக்குச் சம்பளம் அரசு தருகிறது. நடுவருக்கு நாம்தான் கட்டணம் தர வேண்டும். நீதிபதியை நாமும் தேர்ந்தெடுப்பதில்லை, எதிராளியும் தேர்ந்தெடுப்பதில்லை. நடுவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? வேகத்தைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

பல கடன் பத்திரங்களில், கம்பெனியே நடுவரை நியமிக்கும் என்று பொடி எழுத்தில் இருக்கும். வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் தானாகவே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அப்படி நியமித்தால் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். தகராறு வந்த பிறகு, "இந்த நடுவருக்குச் சம்மதம்" என்று எழுதிய தாளை நீட்டினால், வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் அந்த ஆட்சேபணையே கையைவிட்டுப் போய்விடலாம். ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கும்போது நேராகக் கோர்ட்டுக்குப் போனாலும், எதிர்த்தரப்பு கேட்டால் கோர்ட் பெரும்பாலும் நடுவரிடமே அனுப்பிவிடும். ஆனால் வாங்கிய பொருளிலோ சேவையிலோ குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆர்பிட்ரேஷன் நிபந்தனை அதற்குத் தடை இல்லை என்று 2018இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

அண்ணன் தம்பி வரப்புத் தகராறு, கைமாற்றுக் கடன் போன்றவற்றுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: மக்கள் நீதிமன்றம். விழுப்புரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. ஏற்கெனவே கோர்ட்டில் உள்ள வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு. அந்த முடிவுக்கு அப்பீல் கிடையாது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். அங்கே ஜெயிப்பவர் தோற்பவர் என்று இல்லாததால், அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார முடியும்.

பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

டிராக்டர், வண்டி, வீடு, எதற்குக் கடன் வாங்கினாலும் பத்திரத்தில் "ஆர்பிட்ரேஷன்" என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். நடுவரை யார் நியமிப்பது, எந்த ஊரில் விசாரணை என்று கேளுங்கள். நோட்டீஸ் வந்தால் அதை உத்தரத்தில் செருகி வைக்காமல், தேதியைப் பார்த்து அன்றைக்கே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

வாழ்க வளமுடன்.