ஈயத்தில் ஓடிய தூரிகை

அவசரத்தில் தீட்டியவைபோல் தோன்றும் எழுத்துகளை விளம்பரங்களிலும் கடைப் பலகைகளிலும் நாம் கண்டு கடந்துவிடுகிறோம். அந்த அலட்சிய அழகுக்குப் பின்னே எத்துணை நிதானம் மறைந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘மிஸ்ட்ரல்’ என்னும் எழுத்துரு இதற்குத் தக்க சான்று.

பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரோஜே எக்ஸ்கோஃபோன், மார்செய் நகரின் ஒலிவ் வார்ப்பகத்துக்காக 1953இல் இதனை உருவாக்கினார். தம் சொந்தக் கையெழுத்தையே அடிப்படையாகக் கொண்டார். தென் பிரான்சில் வீசும் கடுங்குளிர்க் காற்றின் பெயரே இதற்கும் பெயராயிற்று.

கையால் எழுதும்போது ஓர் எழுத்து அடுத்ததைத் தானே தேடிச் சேர்கிறது. ஈய அச்சிலோ ஒவ்வோர் எழுத்தும் தனித்தனித் துண்டு. எதன் அருகே எது வந்து நிற்கும் என்பதை வடிப்பவர் அறியார். ஆகவே, எது எதனோடு சேரினும் கோடு அறுபடாதவாறு, ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் முடிவையும் அளந்து அமைக்க வேண்டியிருந்தது. நாம் காணும் சுதந்திரம் கணக்கின் பயனேயாகும்.

ஆயினும் ஒன்று. மனிதக் கை ஒரே எழுத்தை இருமுறை அச்சொட்டாக எழுதுவதில்லை; வார்ப்பு மாறாமல் எழுதும். நான்கு சொல் தலைப்பில் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பத்தி பத்தியாய் நீண்டால் சலிப்பூட்டிவிடும். இத்தகைய எழுத்துகளைத் தலைப்போடு நிறுத்துவது அதனாலேயே.

எழுத்துரு கையின் நினைவைக் காக்கும். கையின் இடத்தை நிரப்பாது. ஏணிமேல் நின்று பலகை எழுதும் ஓவியரை நாம் இழந்துவிட்டால், நினைவு மட்டுமே நம்மிடம் எஞ்சும்.