பாவம், ரொம்ப நல்லவர்!

நம் ஊர்ப் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவரைக் "கெட்டிக்காரர்" என்றால் பாராட்டு. "பாவம், ரொம்ப நல்லவர்" என்றால் விவரம் போதாதவர் என்று அர்த்தம்! நல்ல மனசுக்கும் மூளைக்கும் ஏதோ ஜென்மப் பகை இருப்பதுபோலவே பேசிப் பழகிவிட்டோம். வயதாக ஆக, இதில் எனக்குச் சம்மதம் குறைந்துகொண்டே வருகிறது.

இதை யோசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே அறுவை சிகிச்சைக் கத்தியைப் பிடிக்கப் பழகினார். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு. நம்மில் பலர் ஈஸிசேர் தேடும் வயதில், 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

இரக்கம் மட்டும் இருந்திருந்தால், நாலு பேருக்கு இலவசமாகச் செய்துவிட்டுத் திருப்தி அடைந்திருப்பார். இலவசம் என்றாலும் கிராமத்துப் பெரியவர்கள் ஏன் வருவதில்லை? பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை. துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய அன்றைய கூலி போகும். ஆகவே முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவிடும் ஏற்பாடு வந்தது. ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜை. ஒருவருக்கு முடியும்போது அடுத்தவர் தயாராக இருப்பார். வசதியுள்ளவர்கள் கட்டும் பணத்தில் இல்லாதவர்களுக்கும் பார்வை கிடைத்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை. 1992-ல் ஆரோலேப் தொடங்கி, லென்ஸை இங்கேயே செய்தார்கள். அத்தனையும் மூளை வேலைதான். அந்த மூளையை வேலை வாங்கியது மனசு.

பெரிய மனிதர்களை விடுங்கள். நவம்பர் மாதம் வந்தால் நாமெல்லாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போவோமே, அப்படி ஒரு வங்கியில் நான் வரிசையில் நின்றபோது பார்த்தது இது. குடும்ப பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டிக்கு மெஷினில் கைரேகை விழவில்லை. பாத்திரம் தேய்த்தே தேய்ந்த விரல்கள். கவுண்டரில் இருந்த தம்பி நல்ல சுறுசுறுப்பு, விதிகளெல்லாம் தலைகீழ்ப் பாடம். "ரேகை விழலைன்னா நான் என்னம்மா பண்றது? நாளைக்கு வாங்க" என்றார்.

பக்கத்து மேஜைப் பெண் எழுந்து வந்தார். "பாட்டி, உட்காருங்க. காகிதத்துல எழுதிக் கொடுத்தாலும் செல்லும். நான் பூர்த்தி பண்றேன், நீங்க கைநாட்டு வைங்க." ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது.

இருவரும் ஒரே பரீட்சை எழுதி வந்தவர்கள்தான். அந்த விதி அவருக்கும் தெரியாமலா இருக்கும்? அவர் மெஷினைப் பார்த்தார். இந்தப் பெண் பாட்டியைப் பார்த்தார். பாட்டியைப் பார்த்தவருக்குத்தான் உதவக்கூடிய விதி சட்டென்று ஞாபகம் வந்தது.

இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் இதைத்தான் கேட்கிறார்: பிறர் நோயைத் தன் நோய்போல எண்ணாவிட்டால் அந்த அறிவால் என்ன பயன்?

பேரப்பிள்ளைகள் வந்தால் "எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். கேட்கட்டும். கூடவே, "இன்னிக்கு யாருக்கு என்ன ஒத்தாசை பண்ணினே?" என்றும் கேட்டு வைப்போம். நல்லவர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது, முன்னால் அந்தப் "பாவம்" வேண்டாமே.