தங்கவயல் மாப்பிள்ளை

2006-ஆம் ஆண்டில் ஒரு மாலை, பெங்களூரிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களுடைய மகளுக்குக் கோலார் தங்கவயல் வாலிபன் ஒருவனைப் பேசியிருந்தார்கள். "ஐயா, நீங்கள் அந்த ஊரிலே பிறந்தவர்கள். அங்கே ஆண்பிள்ளைகள் எப்படி?" என்று கேட்டார்கள்.

"சுரங்கம் மூடிய நாள்முதல் குடியும் சீட்டாட்டமும்தான் அம்மா. யோசித்துச் செய்யுங்கள்" என்றேன். அந்த வாலிபனின் பெயரைக்கூட நான் விசாரிக்கவில்லை. சம்பந்தம் நின்றுபோயிற்று.

நான் சொன்னது முழுப்பொய் அன்று. ஆபத்தே அதில்தான் இருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கிய குடும்பங்களின் ஆண்கள் திடீரென்று திண்ணையில் உட்கார்ந்தார்கள். சிலர் குடித்தார்கள். குடித்தவன் வீதியில் கிடந்தான். எல்லார் கண்ணிலும் பட்டான். மற்றவர்களோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் காவலாளியாகவும் பெயிண்டராகவும் உழைத்து, இருட்டிய பின்பு வீடு திரும்பினார்கள். பகலில் ஊரிலேயே இல்லாதவர்களை யார் பார்ப்பார்?

இரண்டு மாதம் கழித்து ஒரு ஜெபக்கூட்டத்திற்காக அதே ரயிலில் ஏறினேன். அருகில் அமர்ந்த வாலிபன் ஸ்தோத்திரம் சொன்னான். கல்தூளினால் நுரையீரல் கெட்டுப்போன தகப்பனாருக்கு மருந்துச் சீட்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தான். பேச்சினிடையே, "பெங்களூரில் ஓர் இடம் பேசினார்கள் ஐயா. யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களாம்" என்றான். பங்காருப்பேட்டை வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 'யாரோ' நான்தான் என்று அவனிடம் சொல்ல மேலும் ஒரு வாரம் பிடித்தது, எழுதவே வெட்கமாயிருக்கிறது.

கிரேத்தா தீவாரைப்பற்றி அவர்களுடைய ஊரான் ஒருவனே சொன்ன கடுஞ்சொல்லைப் பவுல் தீத்துவுக்கு எழுதுகிறார். வேதாகமக் கல்லூரியில் அந்த அதிகாரத்தைப் படித்துத் தேர்வு எழுதியவன் நான். அதே அதிகாரத்தில், அதே தீவின் பட்டணங்கள்தோறும் மூப்பரை ஏற்படுத்தும்படியும், மதுவை நாடுகிறவனா, அடிக்கிறவனா என்று ஒவ்வொருவனையும் பார்க்கும்படியும் எழுதியிருப்பதை அந்த ரயிலில்தான் சேர்த்து யோசித்தேன்.

இதை வைத்து, அடிபட்டு வரும் சகோதரியிடம் "எல்லா ஆண்களும் அப்படியல்ல" என்று யாரும் உபதேசிக்க வேண்டாம். அவள் தன் புருஷனைப்பற்றிச் சொல்வது சாட்சி. அதைக் கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் உதவியையும் காட்ட வேண்டும். உண்மையில் அவளை அடைத்துப்போடுவது, "ஆம்பிளை என்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள்" என்கிற பெரியவர்களின் பேச்சே. ஆண்கள் எல்லாரும் ஒன்றென்றால், அடிக்கிறவனிடம் கணக்குக் கேட்பது யார்? அடிக்காதவனுக்கும் அதில் மரியாதை இல்லை.

2018-இல் எங்கள் ஊர்ப் பெயரில் கன்னடத் திரைப்படம் வந்ததிலிருந்து புதுத் தொல்லை. தங்கவயல் மாப்பிள்ளை என்றாலே தாடியும் துப்பாக்கியும் நினைவுக்கு வருகிறதாம்! நான் பார்த்த தாடிகளில் பெரும்பாலானவை சவரத்துக்கு நேரமில்லாதவை.

சென்ற வருடமும் ஒரு தாயார் அழைத்தார்கள், கேள்வியும் அதேதான். பையனுடைய பெயர், தெரு, வேலை செய்யும் இடம் மூன்றையும் எழுதிக்கொண்டேன். "இரண்டு நாள் பொறுங்கள் அம்மா, அவன் வீட்டுக்குப் போய்வந்து சொல்லுகிறேன்" என்றேன்.