ஆற்றங்கரையில் அரைத்தட்டு

ஸ்பெயினின் தெற்கே, குவாதல்கிவிர் ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் இடத்தில் இருக்கிறது சான்லூகார் தே பர்ரமேதா. ரயில் கிடையாது, செவில் நகரத்திலிருந்து பேருந்தில்தான் போக வேண்டும். 1519 செப்டம்பரில் மகெல்லன் ஐந்து கப்பல்களோடு கிராம்புத் தீவுகளைத் தேடிக் கடலில் இறங்கியது இங்கிருந்துதான். மூன்று வருடம் கழித்து, உலகத்தைச் சுற்றிவிட்டு, ஒரே கப்பலில் 18 பேர் குற்றுயிரும் குலையுயிருமாக வந்து சேர்ந்ததும் இங்கேதான். நாங்கள் போனது மீன் சாப்பிட.

பாஹோ தே கியா என்ற ஆற்றங்கரைத் தெருவில் வரிசையாக மீன் உணவகங்கள். எதிர்க்கரையில் தோன்யானா தேசியப் பூங்காவின் மணல்மேடுகளும் பைன் மரங்களும். “ரெண்டு மணிக்கு முன்னாடி போனா வெளியூர்க்காரன்னு நெத்தியில எழுதி ஒட்டின மாதிரி, அண்ணே” என்று எச்சரித்திருந்தார் செவிலில் வேலை பார்க்கும் மதுரை நண்பர். இரண்டரைக்குப் போனோம். நண்பரும் அவர் மனைவியும், நானும் என் மனைவியும்.

பெரும்பாலான பண்டங்களுக்கு அங்கே இரண்டு அளவு: முழுத்தட்டு, அரைத்தட்டு. கவுண்டரில் நின்று சாப்பிடுகிறவர்களுக்கு அதைவிடச் சின்னதாகத் ‘தபா’. எனக்கென்று ஒன்று, உனக்கென்று ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. எல்லாம் மேசைக்கு நடுவில் வரும். எல்லார் முள்கரண்டியும் அதற்குள் போகும். வாய்க்குப் போன கரண்டி மறுபடி தட்டுக்கு வருவதைப் பார்த்து என் மனைவி நெளிந்தாள். ஒவ்வொரு தட்டு வந்ததும் யார் கையும் படுவதற்கு முன் தன் பங்கை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். “அண்ணி கணக்குல கெட்டி” என்றார் நண்பரின் மனைவி.

முதலில் வந்தது ‘தோர்த்தியீத்தா தே கமரோனெஸ்’. நம் ஊர்ச் சென்னாக்குன்னியைப் போன்ற பொடி இறால். உரிப்பதில்லை, தலை, ஓடு, மீசை எல்லாவற்றோடும் மாவில் போடுகிறார்கள். கோதுமை மாவும் கடலை மாவும் கலந்து, வெங்காயம், பார்ஸ்லி நறுக்கிப் போட்டு, நீர்க்கக் கரைத்து, கரண்டியால் எண்ணெயில் ஊற்றிப் பரத்துகிறார்கள். நல்ல ரவா தோசை மாதிரி ஓட்டை ஓட்டையாக, ஓரம் முறுகி வருகிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு இறாலுக்கும் இரண்டு கறுப்புப் புள்ளி தெரிகிறது, கண்கள். கடித்தால் முதலில் கடலை மாவு மணம், பிறகுதான் கடல்.

அடுத்து சிறு சுறா. பூண்டு, வினிகர், சீரகம், ஒரேகனோ, காரமில்லாத சிவப்பு மிளகாய்ப்பொடி எல்லாம் போட்டு ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரித்தது. இந்தச் சீரகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. சுறாவைப் புட்டாக மட்டுமே பார்த்துப் பழகிய நாக்குக்கு இந்தப் புளிப்பு பிடிபடக் கொஞ்ச நேரமானது. கடல் சாமந்தியையும் பொரித்துத் தருகிறார்கள். மேலே மொறுமொறுப்பு, உள்ளே கொழகொழப்பு. ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். நண்பர் மிச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாக்கு மீன் குஞ்சுகள் வந்தபோதுதான் மனசு காரத்துக்கு ஏங்கியது. உப்பு, மாவு, சூடான எண்ணெய், அவ்வளவுதான். கொலம்பஸ் 1493-இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய பாலோஸ் துறைமுகம் இதே வளைகுடாவில், தோன்யானாவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. மிளகாயை ஐரோப்பாவுக்குள் இறக்கிய கரைக்காரர்கள் அதை போர்ச்சுக்கீசியர் வழியாக நம் தலையில் கட்டிவிட்டு, தாங்கள் உப்போடு நின்றுகொண்டார்கள்! ஆனால் மூன்றாவது மீனில் புகார் போய்விட்டது. அன்று பிடித்த மீனுக்கு மசாலா தேவைப்படவில்லை. நம் குழம்பில் வஞ்சிரமும் சங்கராவும் புளிக்குள் ஒன்றாகிவிடுவதை நான் குறை சொல்லமாட்டேன். அது வேறு சுகம். இங்கே ஒவ்வொரு மீனுக்கும் தனித் தட்டு, தனி நேரம்.

இப்போது பெருநகரங்களில் இதையே நாகரிகமாக்கி ‘ஷேரிங் பிளேட்’ என்று நடத்துகிறார்கள். நாலு பேர் உட்கார்ந்தால் மூன்று துண்டு வரும். விலையைக் கேட்டால் பசி தானாக அடங்கும். சான்லூகாரின் அரைத்தட்டில் நாலு பேருக்கு ஆளுக்கு மூன்று மீன் தாராளமாக வந்தது. மான்சனீயா குடிக்கிறவர்களுக்கு அதுவும் அந்த ஊர்ச் சரக்கே. இந்தக் கடல்காற்றில் பக்குவப்பட்ட வெளிர்நிற ஷெர்ரி, தொண்டையில் சர்க்கரை துளியும் தெரியாது. அந்த ஊர்ப் பெரிய இறாலுக்கு மட்டும் எடைக்கு விலை. உப்புநீரில் வேகவைத்து ஆறவைத்துத் தருவார்கள். ‘கொஞ்சம் கொண்டு வாங்க’ என்று சொல்லிவிடாதீர்கள். இத்தனை கிராம் என்று சொல்ல வேண்டும்.

நாலரை மணிக்கு, அடுப்பை அணைக்கப் போகிறோம், வேறு ஏதாவது வேண்டுமா என்று பரிமாறுகிறவர் கேட்டார். நாங்கள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தோம். “அந்த இறால் அடை இன்னொரு அரைத்தட்டு சொல்லுங்க” என்றாள் என் மனைவி. வந்ததும் பங்கு பிரிக்கக்கூட மறந்து, நடுத்தட்டிலிருந்தே கையால் பிய்த்துச் சாப்பிட்டாள்.