தெருவைப் பார்த்த இருக்கைகள்

கோவாவின் பழைய வீடுகளுக்கு முகம் கொடுப்பது வாசலில் இருக்கும் பல்காவ். அதைப் பழுது பார்ப்பது கொத்தனார் வேலை மட்டுமல்ல.

கோவாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மட்காவிலிருந்து லௌடோலிம் பக்கமோ சாந்தோர் பக்கமோ அரை மணி நேரம் போனால் வேறொரு கோவா தெரியும். வயல், தென்னை, வெள்ளை மாதா கோயில், அதைச் சுற்றி மஞ்சளும் நீலமும் காவிச் சிவப்புமாகப் பெரிய ஓட்டு வீடுகள். அந்த வீடுகளில் முதலில் கண்ணில் படுவது கதவு அல்ல, கதவுக்கு முன்னால் இருக்கும் பல்காவ்தான்.

பல்காவ் என்பது போர்ச்சுகீசியச் சொல். சாலை மட்டத்திலிருந்து சில படிகள் ஏறினால் ஒரு சின்ன மேடை. அதன் இரு பக்கமும் எதிரெதிராகக் கட்டிய இரண்டு இருக்கைகள். மேலே தூண்கள் தாங்கும் சரிந்த ஓட்டுக் கூரை. நம் திண்ணைக்கு நெருங்கிய உறவு. ஆனால் திண்ணை வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பல்காவ் வீட்டிலிருந்து தெருவை நோக்கி இரண்டடி முன்னால் வந்து நிற்கும்.

அது வெறும் அலங்காரம் இல்லை. கோவாவின் பழைய இந்து வீடுகள் உள்நோக்கியவை. நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி வாழ்க்கை, வாசலில் துளசி மாடம். போர்ச்சுகீசியர் ஆட்சியில் மதம் மாறிய குடும்பங்களின் வீடுகள் மெல்ல மெல்ல வெளியே திரும்பின. பெரிய ஜன்னல்களும் விருந்துக் கூடமும் வந்தன. அவற்றோடு, தெருவைப் பார்த்து உட்கார ஓர் இடமும் வந்தது. சாயங்காலம் பெண்களும் கிழவர்களும் அங்கே உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் பேசலாம். சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரரை நிறுத்தலாம். உள்ளே அழைக்கும் அளவுக்கு நெருக்கம் இல்லாதவரையும் மரியாதையாக உட்கார வைத்துப் பேசி அனுப்பலாம். லௌடோலிம்காரரான கார்ட்டூனிஸ்ட் மரியோ மிராண்டாவின் கோவாச் சித்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. அவருடைய பூர்வீக வீட்டில்தான் ஷியாம் பெனகல் 1985ல் வெளிவந்த 'திரிகால்' படத்தை எடுத்தார்.

இன்று பல பல்காவ்கள் நல்ல நிலையில் இல்லை. முதல் எதிரி மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கோவாவில் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. மூன்று பக்கமும் திறந்த பல்காவ் மீது சாரல் நேராக அடிக்கும். அந்தக் காலத்தில் மழைக்கு முன்பே தென்னங்கீற்றுத் தட்டிகளை முடைந்து கட்டி மறைத்துவிடுவார்கள். இப்போது அந்த இடத்தில் நீல நிற பிளாஸ்டிக் ஷீட் படபடக்கிறது.

இரண்டாவது எதிரி, நல்லெண்ணத்தோடு பூசப்படும் சிமெண்ட். இந்த வீடுகளின் சுவர் செம்புரைக்கல். வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல் அது. உடம்பெல்லாம் துளைகள் கொண்டது. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் பூசிய பழைய பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். வெளிப்புறம் உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசி, அதன் மேல் பளபளக்கும் பெயிண்ட் அடித்தால் ஈரம் போக வழியில்லாமல் சுவருக்குள் தங்கிவிடும். அடுத்த மழை முடிவதற்குள் பெயிண்ட் கொப்பளிக்கும். அதற்கடுத்த மழையில் உள்பக்கச் சுவரும் உப்புப் பூக்கும். வீட்டுக்காரர் சுவர் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சிமெண்ட் வாங்குவார்.

பழுது பார்ப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. மேலிருந்து கீழே வர வேண்டும். முதலில் கூரை. 1865ல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய மங்களூர் ஓடுதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. ஓடுகளை இறக்கிக் கழுவி, உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும். கைமரங்களில் முதலில் மக்குவது தாழ்வார நுனி. முழு மரத்தையும் தூக்கி எறியாமல், கெட்ட நுனியை வெட்டிவிட்டு அதே சாதி மரத்தைப் பொருத்திக்கொள்ளலாம்.

அடுத்தது சுவர். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை ஒரு கோடை முழுவதும் உலர விட வேண்டும். பொறுமை அதிகம் தேவைப்படும் கட்டம் இதுதான். பிறகு, குழியில் பல வாரம் நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்று கலந்து மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். காயக் காய நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடும் வெயிலிலும் கூடாது, மழையிலும் கூடாது. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். பூச்சு இறுகியபின் நிறம் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரை மூன்று நான்கு முறை அடித்தால், பெயிண்ட் டப்பா தராத ஒரு மங்கலான ஒளி கிடைக்கும். காவி, மஞ்சள், நீலம் எல்லாம் இதற்குப் பழக்கமான நிறங்கள். வெள்ளையை மட்டும் மாதா கோயிலுக்கு விட்டுவிடுவது அந்த நாள் வழக்கம் என்பார்கள்.

தரையும் இருக்கைகளும் பெரும்பாலும் சிவப்பு ஆக்சைடு. வெடிப்பு விழுந்தால் உடனே வழுவழுப்பான டைல்ஸ் போடச் சொல்ல ஆள் இருப்பார்கள். சாரல் அடிக்கும் இடத்தில் அது கிழவர்களின் இடுப்பெலும்புக்கு ஆபத்து. சிவப்பு ஆக்சைடை ஒட்டுப் போட்டு மெழுகு தேய்த்தால் பத்துப் பதினைந்து வருடம் கவலையில்லை.

மிகவும் சிக்கலானது சிப்பி ஜன்னல். கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் மெல்லிய சிப்பி ஓடுகளைச் சதுரமாக வெட்டி மரச் சட்டங்களில் செருகினார்கள். வெயிலைப் பால் போன்ற வெளிச்சமாக மாற்றி உள்ளே அனுப்பும். அந்தச் சிப்பி இனம் இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. புதிதாக எடுக்க முடியாது. ஆகவே இடிக்கும் வீடுகளின் ஜன்னலிலிருந்து சிப்பிகளைப் பத்திரமாகக் கழற்றி வைக்கிறார்கள். ஒரு வீடு விழுந்தால்தான் இன்னொரு வீட்டின் ஜன்னல் பிழைக்கிறது.

இத்தனையும் தெரிந்த கொத்தனார் கிடைத்து, பணமும் இருந்தால்கூட வேலை தொடங்கிவிடும் என்று சொல்ல முடியாது. கையெழுத்து வேண்டும். 1867ஆம் ஆண்டு போர்ச்சுகீசிய சிவில் சட்டத்திலிருந்து வந்த கோவாவின் வாரிசுரிமை முறை, சொத்தில் பாதியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக ஒதுக்குகிறது. ஆண், பெண் பேதமின்றிச் சம பங்கு. நியாயமான சட்டம். பெண்களுக்குப் பிறந்த வீட்டில் உரிமை தந்ததில் மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி. ஆனால் மூன்று தலைமுறை கடந்தால் ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள். ஒருவர் மும்பையில், ஒருவர் லிஸ்பனில், ஒருவர் டொரண்டோவில். எல்லோருக்கும் அது தாத்தா வீடு. யாருக்கும் அது குடியிருக்கும் வீடு அல்ல. கூரை வைக்க அனுமதி வருவதற்குள் கூரை விழுந்துவிடுகிறது.

பங்கு பிரிந்தும் வீடு நிற்கலாம் என்பதற்கு சாந்தோரில் உள்ள பிரகன்சா மாளிகை உதாரணம். ஒரே நீண்ட முகப்பு, 24 ஜன்னல்கள். உள்ளே கிழக்குப் பாதி ஒரு குடும்பத்துக்கு, மேற்குப் பாதி இன்னொரு குடும்பத்துக்கு. பார்க்க வருகிறவர்கள் தரும் காணிக்கை பராமரிப்புக்கு உதவுகிறது.

அப்படி நிற்க முடியாத வீடுகள் விற்பனைக்கு வருகின்றன. வாங்குகிறவர்களில் டில்லி, மும்பை, பெங்களூர்க்காரர்கள் அதிகம். இவர்களைக் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை. சுண்ணாம்புப் பூச்சுக்கும் சிப்பி ஜன்னலுக்கும் செலவு செய்து, விழ இருந்த வீடுகளை நிமிர்த்தியவர்களும் இவர்களில் உண்டு. ஆனால் பழுது பார்த்த கையோடு எட்டடி மதிலும் இரும்புக் கேட்டும் காவலாளியும் வந்துவிடுகின்றன. மதிலுக்குள் பல்காவ் பளிச்சென்று இருக்கிறது, இருக்கையில் மெத்தையும் போட்டிருக்கிறது. பார்ப்பதற்குத்தான் தெரு இல்லை.

உள்ளூர்க்காரர்களும் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகிறார்கள். தார் போடும்போதெல்லாம் சாலை உயர்கிறது, பல்காவின் படி ஒவ்வொன்றாகப் புதைகிறது. வண்டிகளின் தூசியும் சத்தமும் தாங்காமல் முதலில் கிரில் போடுகிறார்கள். அப்புறம் கொசுவலை, அதற்கப்புறம் கண்ணாடி. கடைசியில் பல்காவ் இன்னொரு அறையாகி, அதில் ஸ்கூட்டர் நிற்கிறது.

பணஜியின் ஃபொன்டைன்யாஸ் பகுதியில் சிக்கல் நேர்மாறு. குறுகிய சந்துகள், பக்கத்துக்குப் பக்கம் வண்ண வீடுகள், தெருவின் மேல் தொங்கும் பால்கனிகள். மழைக்குப் பிறகு ஆண்டுதோறும் வீட்டுக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்று போர்ச்சுகீசியர் காலத்தில் கட்டாயம் இருந்ததாகச் சொல்கிறார்கள். கட்டாயம் போனாலும் பழக்கம் போகவில்லை. ஆனால் அந்த வண்ணத்துக்காகவே கூட்டம் வருகிறது. கல்யாண ஜோடிகள் அடுத்தவர் வாசல்படியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்காதீர்கள் என்று எழுதி மாட்ட வேண்டிய நிலை வீட்டுக்காரர்களுக்கு.

கோவா போகும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். டோர்டாவில், கட்டடக் கலைஞர் ஜெரார்ட் டகுன்யா அமைத்த கோவா வீடுகள் பற்றிய அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் மற்ற வீடுகள் உங்களுக்கே புரியும். கிராமத்துக்குள் நடந்து போங்கள், காரில் வேண்டாம். காமிராவை எடுப்பதற்கு முன் வணக்கம் சொல்லுங்கள்.

சுண்ணாம்பும் ஓடும் தேக்கும் கடையில் கிடைத்துவிடும். எதிரெதிராகக் கட்டிய அந்த இரண்டு இருக்கைகளில் ஒன்று வீட்டுக்காரருக்கு, மற்றது வருகிறவருக்கு. பல்காவைப் பழுது பார்க்க நினைக்கிறவர், அந்த இரண்டாவது இருக்கை யாருக்கு என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மதில் எவ்வளவு உயரம், கேட் வேண்டுமா, கிரில் வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலேயே கிடைத்துவிடும்.