மூன்று கடவுச்சீட்டும் ஒரு காணியும்

நாங்கள் மூவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் எங்கள் கடவுச்சீட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் எந்த அதிகாரியும் அதை நம்பமாட்டார். பிரான்சிலிருக்கும் அண்ணாவுக்கு அப்பாவின் பெயரே குடும்பப் பெயர். ஜேர்மனியிலிருக்கும் அக்காவுக்கு அத்தானின் பெயர். கனடாவிலிருக்கும் தம்பிக்கு அவனுடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. வந்திறங்கிய நாட்களில், பாஷை தெரியாத பதற்றத்தில், "குடும்பப் பெயர் என்ன?" என்ற கேள்விக்கு ஆளுக்கொன்றாகச் சொன்னோம். சொன்னது சொன்னபடியே பதிவாகிவிட்டது.

ஊரில் எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. அப்பாவின் பெயர் முன்னால், எங்கள் பெயர் பின்னால். அப்பாவுக்கு முன்னால் அப்பப்பாவின் பெயர். ஒரு பெயர் ஒரு தலைமுறை கடந்ததும் இறங்கிவிடும். அதிலும் அப்பாவின் பெயரை நாங்கள் வாயால் சொன்னதே குறைவு. பாரிஸில் ஒரு வைத்தியசாலையில் அந்தப் பெயரை உரத்துக் கூப்பிட்டபோது, அண்ணா எழும்பாமல் திரும்பிப் பின்னால் பார்த்தாராம். அப்பா செத்து அப்போது ஆறு வருடம்.

இதெல்லாம் தொலைபேசியில் சொல்லிச் சிரிக்கிற கதையாகத்தான் இருந்தது, அம்மாவின் காணி விஷயம் வரும்வரை. எங்கள் வளவு வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் யுத்தம் மறுபடி தொடங்கியபோது ஊரே எழும்பியது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் காணிகளைக் கட்டம் கட்டமாக விட்டார்கள். எங்கள் துண்டும் ஒரு கட்டத்தில் விடுபட்டது. அம்மா அதைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார். "நீங்கள் மூன்று பேரும் அவவின்ர பிள்ளையள்தான் எண்டதுக்கு அத்தாட்சி வேணும்" என்றார் யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி. மூன்று நாட்டு மூன்று பெயர்களை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது?

அப்படித்தான் தேடத் தொடங்கினோம். இலங்கையில் குடியியற் பதிவு 1867இல் தொடங்கியது. சித்தியின் மகன் எங்களுக்காக அலைந்து எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களை எடுத்தான், அப்பாவுடையதை எடுத்தான், அப்பப்பாவுடையதையும் எடுத்தான். அதற்கு மேலே போகவும் எங்களுக்கு ஆசை வந்தது. ஆண்வழியில் எங்கோ ஒரு பெயர் நிலைத்து நிற்கும், கண்டுபிடித்தால் மூவரும் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால், முதலியார் என்றோ உடையார் என்றோ ஒரு பட்டம் அகப்படாதா என்ற நப்பாசையும் இருந்தது. பரம்பரைப் பெயரைத் தேடுகிறவன் பாதி நேரம் சாதியைத்தான் தேடுகிறான். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்புகளிலும் காணிக்காரரின் பெயரோடு சாதியும் இருந்தது. எங்களுக்குப் பட்டம் எதுவும் அகப்படவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அகப்பட்டது வேறொன்று. ஊரைவிட்டு ஓடும்போது அம்மா தூக்கிக்கொண்டு வந்த ஒரே பையில் பழைய உறுதிகள் இருந்தன. விடுபட்டுப்போனவற்றுக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்தோம். எல்லாவற்றையும் வருட ஒழுங்கில் அடுக்கினபோதுதான் கண்டோம்: எல்லாமே சீதன உறுதிகள். கணவனும் மனைவியுமாக மகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அடுத்த உறுதியில் அந்த மகள் மனைவியாக நின்று தன் மகளுக்கு எழுதுகிறாள். ஒவ்வொரு தடவையும் கணவன் பெயர் வேறு எங்கிருந்தோ வருகிறது. பெண்களின் பெயர்கள் மட்டும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு அம்மாவிலிருந்து நான்கு தலைமுறை பின்னுக்குப் போகின்றன. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் கைநாட்டு. எல்லா உறுதியிலும் மாறாமல் நிற்பது காணியின் பெயர்: இலந்தையடி. எங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயர் இருந்திருந்தால் அது இதுதான்.

இது தற்செயல் அல்ல. தேசவழமையில் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போவதே பழைய வழக்கம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் அந்த வழமைகளைத் தொகுத்து எழுதினார். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக்கினார்கள். 1911இன் சட்டத்தின்படி, தன் பெயரிலுள்ள காணியைக்கூட மனைவி கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பெயர் அவளுடையது, பேனா அவனுடையது. புலம்பெயர்ந்த நாடுகளின் கூட்டங்களில் நாங்கள் சீதனத்தை எதிர்த்துப் பேசியவர்கள். இன்றும் பேசுகிறோம். ஆனால் எங்கள் பூட்டியின் பெயரை எழுதிவைத்த ஒரே கடதாசி சீதனக் கடதாசிதான். இதை எப்படி ஏற்றுக்கொள்வதென்று நாங்கள் மூவரும் பல இரவுகள் தொலைபேசியில் வாதாடினோம். அக்காதான் கடைசியில் சொன்னா: "சீதனம் பிழைதான். அதுக்காக அந்தப் பொம்பிளையளின்ர பேரை நாங்கள் விடேலாது."

பெயர்கள் கிடைத்தும் சட்டத்தரணியின் கேள்வி தீரவில்லை. எங்களை அம்மாவின் பிள்ளைகளென்று அறிந்த ஒருவர் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். எண்பது தாண்டிய சித்தி போனா. பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். "பெரியதம்பி, பிள்ளை, சின்னவன்" என்றா சித்தி.

"முழுப்பேரைச் சொல்லுங்கோ அம்மா."

"நான் தூக்கி வளத்த பிள்ளையளுக்கு இதுதான் தம்பி முழுப்பேர்."

சட்டத்தரணி பிறகு முழுப்பெயர்களை எழுதி, அவ அழைக்கும் பெயர்களையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். கடவுச்சீட்டுப் பெயர், பத்திரப் பெயர், வீட்டுப் பெயர் மூன்றும் முதல்முறையாக ஒரே கடதாசியில் சந்தித்தன.

கடவுச்சீட்டில் யாரும் பெயர் மாற்றவில்லை. பிள்ளைகள் அந்தப் பெயர்களோடு வளர்ந்துவிட்டார்கள், அவை இனி அவர்களுடையவை. காணி இப்போது எங்கள் பெயரில் இருக்கிறது. கிணறு தூர்ந்து கிடக்கிறது. இலந்தை எங்கே நின்றதென்று சித்திக்கே தெரியவில்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுத்தது ஒரு பக்கம் தாள். அதில் அப்பாவழிப் பெயர்கள் ஒரு நிரலிலும் அம்மாவழிப் பெயர்கள் ஒரு நிரலிலும் இருக்கின்றன. அம்மாவழி நிரல்தான் நீளம்.

வீட்டில் பழைய உறுதிகள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். அவற்றை வாசித்துச் சொல்லக்கூடிய ஒரு சித்தியோ பெரியம்மாவோ இன்னும் இருந்தால், இன்றைக்கே தொலைபேசி எடுங்கள். நாங்கள் அம்மாவிடம் கேட்காமல் விட்டுவிட்டோம்.